ஆதாமின் பாவம் யார் கணக்கில்? ஜென்ம பாவமும் நீதிமானாக்கப்படுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜென்ம பாவம் என்று எதைச் சொல்கிறார்கள்?

இந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறு விஷயங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. முதலில் அந்தக் கட்டைப் பிரிக்க வேண்டும். ஒன்று, ஆதாமால் மரணம் மனித குலத்துக்குள் வந்தது. இரண்டு, மனித சுபாவம் கெட்டுப்போய்த் தீமையின் பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்று, ஆதாம் செய்த மீறுதலின் குற்றப்பொறுப்பு பிறக்கும்போதே ஒவ்வொருவர்மேலும் இருக்கிறது.

முதல் இரண்டில் சபைகளுக்குள் பெரிய சண்டை இல்லை. இந்தப் பக்கத்தில் நாங்கள் கேள்வி கேட்பது மூன்றாவதை. அதிலும் எல்லாச் சபையும் ஒரே குரலில் பேசவில்லை. 1646-ல் எழுதி முடிக்கப்பட்ட, பிரஸ்பிட்டேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, முதல் பெற்றோரின் குற்றம் சந்ததியார் கணக்கில் வைக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. லுத்தரன் சபைகளின் 1530 அவுக்ஸ்பர்க் அறிக்கை, இது மெய்யாகவே பாவம், மறுபடி பிறவாதவர்களை ஆக்கினைக்குட்படுத்துகிறது என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1992 மறைக்கல்வி நூலோ, இது ஆதாமின் சந்ததியார் யாரிடத்திலும் தனிப்பட்ட குற்றத்தின் தன்மை உடையதல்ல, இது ஒரு நிலை, செயல் அல்ல என்று 404, 405-ஆம் பத்திகளில் விளக்குகிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் ‘மூதாதையரின் பாவம்’ என்றே பேசுகின்றன. மரணமும் பலவீனமும் வந்து சேருகின்றன, குற்றம் சேருவதில்லை என்பது அவர்களுடைய போதனை. ஆகவே மூன்றாவதைக் கேள்வி கேட்பவர் கிறிஸ்தவத்துக்கு வெளியே போய்விட்டார் என்று யாரும் உங்களைப் பயமுறுத்த முடியாது.

குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்ற போதனை எங்கிருந்து வந்தது?

அதற்குத் திட்டமான வடிவம் கொடுத்தவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354–430). அவருக்கு முன் யாரும் இதைத் தொடவில்லை என்று சொல்வது தவறு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், குழந்தைக்கு மன்னிக்கப்படுவது அதன் சொந்தப் பாவம் அல்ல, பிறருடையது என்று எழுதியிருக்கிறார். ஆனால் அதே கார்த்தேஜில், சுமார் 50 ஆண்டுகளுக்கு முன், தெர்த்துல்லியான் குற்றமற்ற பருவம் ஏன் பாவமன்னிப்புக்கு அவசரப்பட வேண்டும் என்று கேட்டார். இரண்டாம் நூற்றாண்டின் இரேனேயு, ஆதாமை இன்னும் முதிராத பிள்ளையாகப் பார்த்தார். ஆரம்ப நூற்றாண்டுகளில் இந்தக் காரியத்தில் ஒரே போதனை இருந்தது என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்ள முடியாது.

ரோமர் 5:12 தெளிவாகச் சொல்லவில்லையா?

முழு வழக்கும் இந்த வசனத்தில்தான் நிற்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கிரேக்க மூலத்தில் கடைசிப் பகுதி ‘எஃப் ஹோ’ என்ற இரண்டு சொற்களோடு தொடங்குகிறது. ‘ஏனென்றால்’, ‘அதனிமித்தம்’ என்பதே அதன் இயல்பான பொருள். 2 கொரிந்தியர் 5:4-லும் பவுல் அதைக் காரணம் சொல்லவே பயன்படுத்துகிறார். லத்தீன் மொழிபெயர்ப்பு இதை ‘இன் குவோ’ என்று போட்டது. அதை ‘எவனுக்குள்’ என்றும் வாசிக்கலாம். நான்காம் நூற்றாண்டில் லத்தீனில் விளக்கவுரை எழுதிய ஒருவர் (அம்புரோசியாஸ்தர் என்று இன்று அழைக்கப்படுகிறார்) ‘ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்’ என்று விளக்கினார். அகுஸ்தீன் அதையே எடுத்துக்கொண்டார். அவர் கையாண்ட லத்தீன் வாசகத்தில் ‘மரணம்’ என்ற சொல் இரண்டாம் முறை இல்லாததால், எல்லாருக்கும் பரவியது மரணம் என்பதற்குப் பதிலாகப் பாவம் என்று வாசிக்க இடம் உண்டாயிற்று.

கிரேக்க இலக்கணம் இந்த வாசிப்புக்கு இடம் தருவதில்லை. ‘ஒரே மனுஷன்’ என்ற சொல் வாக்கியத்தில் மிகத் தொலைவில் இருக்கிறது. நடுவே ‘மரணம்’ வந்துவிடுகிறது. ‘பாவம்’ என்பது கிரேக்கத்தில் பெண்பால் சொல் என்பதால் அதையும் ‘ஹோ’ சுட்ட முடியாது. 1516-ல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்முஸ் தன் குறிப்புகளில் இதைக் கையாண்டபோது, பெலேகியுவின் (மனிதன் தன் பலத்தால் பாவமில்லாமல் வாழ முடியும் என்று போதித்து, அகுஸ்தீனால் எதிர்க்கப்பட்டவர்) பக்கம் சாய்கிறார் என்ற பழி அவர்மேல் விழுந்தது.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பு ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்தது’ என்று சரியாகவே வைத்திருக்கிறது. ‘ஆதாமுக்குள் பாவஞ்செய்தபடியால்’ என்று அங்கே இல்லை. அந்தச் சொல்லைப் பிரசங்கத்தில் கேட்டுப் பழகிய காதுதான் வசனத்துக்குள் சேர்த்து வாசிக்கிறது.

5:12-ஐ விட்டுவிடுங்கள். 5:18-ல் ‘ஒரே மீறுதலினாலே’ எல்லாருக்கும் ஆக்கினைத்தீர்ப்பு என்று இருக்கிறதே?

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் இது. 5:14-ஐயும் சேர்த்துக்கொள்வார்கள்: ஆதாமைப்போல மீறாதவர்களையும் மரணம் ஆண்டது, குற்றம் எண்ணப்படாமல் தண்டனை எப்படி வரும்?

5:13 அதற்கு முன்பே ஒரு பதிலை வைத்திருக்கிறது: நியாயப்பிரமாணம் இல்லாதிருந்தால் பாவம் எண்ணப்படமாட்டாது. அதாவது, கணக்கில் எழுதப்படாத காலத்திலும் மரணம் ஆண்டது என்கிறார் பவுல். மரணம் பரவுவதற்குக் குற்றக்கணக்கு தேவைப்படவில்லை. நாடுகடத்தப்பட்டவனுக்கு வெளியே பிறக்கும் பிள்ளை, தகப்பனுக்கு விதித்த தீர்ப்பின் கீழ்தான் வளர்கிறது. வீடு இல்லை, நிலம் இல்லை. ஆனாலும் எந்த நீதிபதியும் அந்தப் பிள்ளையைத் துரோகி என்று எழுதுவதில்லை. ஆதியாகமம் 3-ன் முடிவில் தோட்டம் அடைக்கப்பட்டபின் பிறந்த எல்லாருடைய நிலையும் இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 5:18-ல் இரண்டு பக்கமும் ‘எல்லா மனுஷரும்’. ஆதாமின் பக்கம் யாருடைய பங்கும் இல்லாமல் தானாக நடக்கிறது என்றால், கிறிஸ்துவின் பக்கமும் தானாக நடந்து எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும். பெரும்பாலான சபைகள் அப்படிப் போதிப்பதில்லை. 5:17-ல் ‘பெறுகிறவர்கள்’ என்று இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஒரு பக்கம் பெற்றுக்கொள்ளுதல் வேண்டுமானால், மறு பக்கம் ‘எல்லாரும் பாவஞ்செய்தபடியால்’ என்பதற்கும் அதே எடை கொடுக்க வேண்டும்.

5:19-ன் ‘பாவிகளாக்கப்பட்டார்கள்’ என்ற சொல்லைக் கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட யோவான் கிறிசோஸ்தோம் எடுத்துப் பேசியிருக்கிறார். ஒருவன் கீழ்ப்படியாததால் மற்றொருவன் பாவியாவது எப்படிப் பொருந்தும் என்று கேட்டு, தண்டனைக்குட்பட்டு மரணத்துக்குத் தீர்க்கப்பட்டவர்கள் என்பதே இங்கே பொருள் என்று முடித்தார்.

சங்கீதம் 51:5, எபேசியர் 2:3?

சங்கீதம் 51 தாவீது தன் சொந்தப் பாவத்துக்காக உடைந்து அழும் பாட்டு. ஆதாமின் பெயரே அதில் இல்லை. எபிரெயக் கவிதை கர்ப்பம்முதல் என்று மிகைப்படுத்திச் சொல்வது வழக்கம்: 58:3-ல் துன்மார்க்கர் பிறந்ததுமுதல் பொய் சொல்கிறார்கள், யோபு 31:18-ல் யோபு பிறந்ததுமுதல் ஆதரவற்றவர்களை நடத்தினேன் என்கிறார். யோபின் வசனத்தைக் கொண்டு ‘பிறவிப் புண்ணியம்’ என்று ஒரு போதனையைக் கட்ட மாட்டோம் அல்லவா?

எபேசியர் 2:3-ல் ‘சுபாவத்தினாலே’ என்ற சொல் வருகிறது. ரோமர் 2:14-ல் புறஜாதியார் ‘சுபாவமாய்’ நியாயப்பிரமாணத்தின்படி செய்கிறார்கள் என்னும்போதும் அதே கிரேக்கச் சொல்தான். இரண்டு இடத்திலும் பேச்சு நடத்தையைப் பற்றியது.

பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பேன் என்று பத்துக் கட்டளையிலேயே இருக்கிறதே?

யாத்திராகமம் 20:5-ல் ‘என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து’ என்ற நிபந்தனையும், மூன்றாம் நான்காம் தலைமுறை என்ற எல்லையும் உண்டு. ஆதாமிலிருந்து நம்வரை ஓடும் கணக்கு அதில் அடங்காது. பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படக் கூடாது என்று உபாகமம் 24:16 நீதிமன்றங்களுக்கு விதிக்கிறது. 2 இராஜாக்கள் 14:6-ல் அமத்சியா ராஜா அந்த விதியை எடுத்துக்காட்டிக் கொலைகாரரின் பிள்ளைகளை விட்டுவிடுகிறான். எசேக்கியேல் 18 இன்னும் நேராகப் போகிறது. பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழியை இனிச் சொல்லக் கூடாது என்று கர்த்தர் தடுக்கிறார். ‘பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்’ என்கிறார். மனித நீதிபதிக்குத் தடைசெய்ததைத் தேவன் தாமே செய்கிறார் என்று சொல்ல மிகத் தெளிவான வசனம் வேண்டும். அப்படி ஒன்றை யாரும் காட்டியதில்லை என்பதே எங்கள் முடிவு.

அப்படியானால் இது பெலேகியுவின் போதனைதானே?

இல்லை. பெலேகியுவின் தரப்பு, மனிதன் தன் சித்தத்தின் பலத்தால் பாவமில்லாமல் வாழ முடியும், ஆதாமால் வந்த கேடு கெட்ட முன்மாதிரி மட்டுமே என்றது. 418-ல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்தது. 431-ல் எபேசு பொதுச்சங்கம் அவருடைய கூட்டாளி செலஸ்தியுவைக் கண்டித்தது. அந்த எபேசு சங்கத்தை ஏற்கும் கிழக்குச் சபைகள்தான் பிறவிக் குற்றத்தை ஏற்கவில்லை என்பதை மறக்காதீர்கள்.

ஆனால் இந்தப் பாதையில் நடப்பவர்கள் அதிகமாக வழுக்கி விழும் இடமும் இதுதான். குற்றம் பிறப்பில் வருவதில்லை என்று கண்டவுடன், ‘அப்படியானால் என்னால் முடியும்’ என்று தாவிவிடுகிறார்கள். நோய்க்கு நான் காரணமில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ரோமர் 7-ன் இறுதியில் வரும் கதறல், சங்கிலியை உதற முடியாதவனுடைய கதறல். கிருபை இல்லாமல் விடுதலை இல்லை. இதை விட்டால் கையில் மிஞ்சுவது வெறும் ஒழுக்க உபதேசம்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை?

துக்கத்தோடு இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர் அநேகர். அகுஸ்தீன் தன் போதனையின் முடிவுவரை நடந்தார்: அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு எல்லாவற்றிலும் இலகுவான ஆக்கினை உண்டு என்றார். அதைத் தாங்க முடியாத இடைக்காலம் லிம்போ என்ற இடைநிலையை யோசித்தது. 2007-ல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் அவர்களுடைய இரட்சிப்பை நம்புவதற்குக் காரணங்கள் உண்டு என்று எழுதியது.

எங்கள் பதில் சுருக்கமானது. நன்மை தீமை அறியாத பிள்ளைகளே தேசத்துக்குள் போவார்கள் என்று உபாகமம் 1:39 சொல்கிறது. பரலோகராஜ்யம் அப்படிப்பட்டவர்களுடையது என்று இயேசு சொன்னபோது அவர்களுடைய ஞானஸ்நானத்தை விசாரிக்கவில்லை. உங்கள் பிள்ளைமேல் எந்தக் குற்றமும் இல்லை.

சட்டரீதியான நீதிமானாக்கப்படுதல் என்றால் என்ன?

தேவன் நீதிபதியாக உட்கார்ந்து, பாவியின் பாவத்தைக் கிறிஸ்துவின் கணக்கிலும், கிறிஸ்துவின் நீதியைப் பாவியின் கணக்கிலும் எழுதி, ‘இவன் நீதிமான்’ என்று தீர்ப்புச் சொல்லுகிறார். தீர்ப்பு பாவியின் நிலையை மாற்றுகிறது, உள்ளத்தை மாற்றுவது பரிசுத்தமாக்குதல் என்ற தனி வேலை. சீர்திருத்தச் சபைகள் வளர்த்தெடுத்த வடிவம் இது. 1547 ஜனவரி 13-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்தீன் சங்கம் இதை மறுத்து, நீதிமானாக்கப்படுதல் மன்னிப்பு மட்டுமல்ல, உள்ளான மனிதன் புதிதாவதும்தான் என்றது. 1999 அக்டோபர் 31-ல் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் அவுக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அடிப்படையில் ஒருமித்தாலும், விளக்கத்தில் வேறுபாடு இருக்கிறது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது.

ஜென்ம பாவத்தோடு இதற்கு என்ன சம்பந்தம் என்றால், இரண்டும் ஒரே அச்சில் சுழல்கின்றன: ஒருவருடையதை மற்றவர் கணக்கில் எழுதுதல். ஆதாமின் குற்றம் நமக்கு, நம் குற்றம் கிறிஸ்துவுக்கு, கிறிஸ்துவின் நீதி நமக்கு. முதல் எழுத்து அழிந்தால் மற்ற இரண்டையும் வேதம் எப்படிச் சொல்கிறது என்று திரும்பப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் ‘நீதிமானாக்குதல்’ நீதிமன்றச் சொல்தானே?

ஆம், இதை மறுப்பவர்கள் தவறு செய்கிறார்கள். உபாகமம் 25:1-ல் நியாயாதிபதிகள் நீதிமானை ‘நீதிமானென்று’ தீர்க்க வேண்டும். லூக்கா 7:29-ல் ஆயக்காரர் ‘தேவன் நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்’. இரண்டாவதில் பவுல் பயன்படுத்தும் அதே வினைச்சொல் வருகிறது; தேவனை யாரும் நீதியுள்ளவராக மாற்ற முடியாதே. தமிழில் ‘ஆக்குதல்’ என்ற விகுதி இந்தத் தீர்ப்புப் பொருளைக் கொஞ்சம் மறைத்துவிடுகிறது.

தீர்ப்பு என்பதை ஏற்கிறோம். தீர்ப்புக்கு ஆதாரமாக ஒரு கணக்கு மாற்றம் நடந்தது என்பதைத்தான் கேட்கிறோம். துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்கிறது நீதிமொழிகள் 17:15. இயேசு தாமே இந்தச் சொல்லைப் பாவியைக் குறித்துச் சொன்ன இடத்தை எடுங்கள்: மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் ‘நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான்’ (லூக்கா 18:14). அங்கே மாற்றி எழுதப்பட்ட நீதி எதுவும் இல்லை. தாழ்த்தினான், இரக்கம் பெற்றான்.

கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எண்ணப்படுகிறது என்று ரோமர் 4 சொல்கிறதே?

ரோமர் 4-ல் ‘எண்ணுதல்’ என்ற கிரேக்க வினை 11 முறை வருகிறது. அவற்றில் ஒன்றிலும் ‘கிறிஸ்துவின் நீதி’ எண்ணப்படும் பொருளாக இல்லை. ‘அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்’ என்றே இருக்கிறது. சங்கீதம் 106:30-31-ல் பினெகாசின் செயல் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டதும் இதே பேச்சு வழக்கு. கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் கணக்கில் எழுதப்பட்டது என்ற வாக்கியம் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. 1 கொரிந்தியர் 1:30, 2 கொரிந்தியர் 5:21, பிலிப்பியர் 3:9 ஆகியவற்றைக் காட்டுவார்கள். மூன்றிலும் கிறிஸ்துவுக்குள் இருத்தல் என்ற பேச்சுதான் மையம்: திராட்சச்செடியில் கொடிபோல ஒட்டியிருத்தல். கொடிக்குச் சாறு ஏறுகிறது. ஏட்டில் பெயர் மாறுவதோடு அது நிற்பதில்லை.

பலியின் பொருளே தண்டனை மாற்றம் அல்லவா?

லேவியராகமம் 16-ஐ மெதுவாக வாசியுங்கள். இரண்டு கடாக்கள். ஆரோன் கைவைத்து ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிடும் கடா கொல்லப்படுவதில்லை, வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. கொல்லப்படும் கடாவின்மேல் பாவம் சுமத்தப்படுவதாக அங்கே இல்லை. அதன் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கிறது. லேவியராகமம் 5:11-ல் மிகவும் ஏழையானவன் ஒரு எப்பாவில் (தானியத்தை அளக்கும் அளவு) பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவரலாம். மாவு யாருக்குப் பதிலாகச் சாகிறது? எபிரெயர் 9:22-ம் ‘கொஞ்சங்குறைய எல்லாம்’ என்று கவனமாகவே சொல்கிறது.

ரோமர் 3:25-ல் ‘கிருபாதாரபலி’ என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல், எபிரெயர் 9:5-ல் ‘கிருபாசனம்’ என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. ஒரே சொல். முதல் இடத்திலும் ‘கிருபாசனம்’ என்று வாசித்துப் பாருங்கள். தேவன் மனிதரைச் சந்திக்கும் இடமாகக் கிறிஸ்து நிற்பது தெரியும்.

ஏசாயா 53 வேறு விதம். அங்கே ஒருவர் அநேகருடைய அக்கிரமத்தைச் சுமக்கிறார், ஆக்கினை அவர்மேல் வருகிறது. இதை மழுப்பக் கூடாது. பிறருடைய பாவத்தின் விளைவைத் தன்மேல் ஏற்றுச் சுமப்பது அன்பின் செயல். அதிலிருந்து கணக்கு மாற்றம் என்ற முழு ஏற்பாட்டையும் வருவிக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் வாசிப்பு.

அப்படியானால் கிறிஸ்து ஏன் மரித்தார்?

மரணத்துக்கு அதிகாரியானவனைத் தமது மரணத்தினாலே அழிக்கவும், மரணபயத்தால் அடிமைப்பட்டிருந்தவர்களை விடுவிக்கவும் என்று எபிரெயர் 2:14-15 பதில் சொல்கிறது. ஆதாமிடமிருந்து வந்தது மரணமும் அடிமைத்தனமும் என்றால், மருந்தும் அதற்கே கொடுக்கப்பட்டிருக்கிறது.

கணக்குத் தீர்வு சிலுவையோடு முடிந்தது என்பவர்களிடம் ஒரு வசனத்தைக் கேளுங்கள். ‘கிறிஸ்து எழுந்திராவிட்டால்... நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்’ (1 கொரிந்தியர் 15:17). கடன் செலுத்தியாகிவிட்டது என்றால், செலுத்தியவர் எழுந்தாலும் எழாவிட்டாலும் கடன் தீர்ந்ததுதானே? பவுலுக்கு அப்படி இல்லை. ரோமர் 4:25-ல் அவர் நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக ‘எழுப்பப்பட்டும் இருக்கிறார்’.

யாக்கோபு 2:24 பவுலுக்கு விரோதமா?

‘விசுவாசத்தினாலேமாத்திரம்’ என்ற சொற்சேர்க்கை வேதத்தில் வரும் ஒரே இடம் அதுதான். ‘அல்ல’ என்ற மறுப்போடு வருகிறது. ரோமர் 3:28-ல் ‘மாத்திரம்’ என்ற பொருள்படும் ஜெர்மன் சொல்லை 1522 மொழிபெயர்ப்பில் சேர்த்தவர் லுத்தர். கிரேக்கத்தில் அது இல்லை. பவுல் தள்ளுவது நியாயப்பிரமாணத்தின் கிரியைகளைப் பெருமைக்கு ஆதாரமாக்குவதை. யாக்கோபு தள்ளுவது செயலற்ற சம்மதத்தை. ரோமர் 2:13-ல் பவுலே, செய்கிறவர்கள் நீதிமான்களாக்கப்படுவார்கள் என்கிறார்.

இதை நானே எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

ரோமர் 5:12-21-ஐக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். மரணம், பாவம், தீர்ப்பு என்ற மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுத்து அடிக்கோடிடுங்கள். ‘ஆதாமின் குற்றம் நம்மேல் எண்ணப்பட்டது’ என்று ஒரு வரியாவது அப்படியே இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு எசேக்கியேல் 18-ன் 32 வசனங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். அடுத்து ரோமர் 4-ல் ‘எண்ண’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும், எது எண்ணப்படுகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். கடைசியாக ரோமர் 6-ம் 8:1-4-ம்.

பெரும்பாலும் தவறு நடப்பது இரண்டு இடங்களில். பதிப்பாளர் போட்ட அதிகாரத் தலைப்புகளை வேதவாக்கியமாக வாசித்துவிடுகிறோம். அவற்றைத் தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, பத்து நூல்களிலிருந்து பத்து வசனங்களைச் சங்கிலியாகக் கோத்து ஒரு போதனையைக் கட்டுகிறோம். கோத்த நூல் நம்முடையது என்பது மறந்துபோகிறது.

சபையில் இதை எப்படிக் கேட்பது?

போதகர் தன் சபையின் விசுவாச அறிக்கைக்கு உடன்பட்டு அபிஷேகம் பெற்றவராக இருக்கலாம். கூட்டத்துக்கு நடுவில் கேட்டால் தற்காத்துப் பேசுவதைத் தவிர அவருக்கு வழி இருக்காது. தனியே நேரம் கேளுங்கள். ‘ஜென்ம பாவம் பொய்’ என்று தொடங்காமல், ரோமர் 5:12-ன் ‘பாவஞ்செய்தபடியால்’ என்ற ஒரே சொல்லைக் குறித்து மட்டும் கேளுங்கள். உங்கள் சபையின் அறிக்கையில் அந்தப் பகுதியை முன்னதாகவே வாசித்திருங்கள். அதில் இல்லாததை அவர்மேல் சுமத்த வேண்டாம். அவர் 5:18-ஐக் காட்டினால், அது கடினமான வசனம் என்று ஒப்புக்கொண்டு, அவர் சொல்வதை முழுவதும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.